பிளசருக்கு ஏழாவது திருப்பணி

என் வீட்டுக்காரர் காலையில் எழுந்து பல் விளக்கியதும் அமெரிக்காக்காரனைத் திட்டுவார். காப்பி அதற்குப் பிறகுதான். ஏதோ உலக அரசியல் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் காருக்காக.

"இந்தா, இங்கிட்டு வந்து இதைப் பாரு" என்று கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டுவார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தலையைத் திருப்பாமலே "பாத்தேன், பாத்தேன்" என்பேன். அது அவருக்குப் போதாது. "மொதல்ல விட்டப்ப ரெண்டே பேர் உக்கார்ற வண்டி. பறவை பேரு வச்சான். பறவை கணக்காத்தான் இருந்துச்சு. சும்மா இருக்க முடிஞ்சதா அவனால? பின்னாடி ஒரு சீட்டைச் சேத்தான். அப்பறம் நாலு கதவு வச்சான். வருசா வருசம் நீட்டி, அகட்டி, கடைசியில அது பறவையா? எருமை!"

பறவை முடிந்தால் குதிரை வரும். குதிரையின் பெயரை வைத்த கார் முதலில் துள்ளிக்கொண்டு இருந்ததாம். பிறகு ஊதிப் பெருத்ததாம். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்த சமயத்தில் ஒரேயடியாகச் சுருக்கி, ஏதோ ஒரு சின்னக் காரின் அடிச்சட்டத்தில் தூக்கி வைத்துவிட்டார்களாம். "குதிரைன்னு சொல்லிக் கழுதையை வித்துட்டான் படுபாவி" என்பார். அந்தக் கழுதையை இவர் பார்த்ததுமில்லை, ஏறியதுமில்லை. ஆனால் சொந்தப் பிள்ளை படிப்பில் தோற்ற மாதிரி முகம் வாடிப் போகும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "ஏங்க, கல்யாணத்தப்ப நீங்களும் ரெண்டு பேர் உக்கார்ற வண்டி மாதிரிதான் இருந்தீங்க. சுருட்டை முடி, ஒட்டின வயிறு. அடுத்த மாடல்ல முன்பக்கம் நீண்டுச்சு. அதுக்கடுத்த மாடல்ல கூரை போச்சு. இப்பக் கண் ஆப்பரேசனுக்கு அப்பறம் ஹெட்லைட் ரெண்டும் புதுசு. ஹாரன் மட்டுந்தான் ஒரிஜினல். உங்களைச் செஞ்சவனை என்னைக்காச்சும் நான் திட்டியிருக்கேனா?"

"நீ மட்டும் என்னவாம்?"

"நான் டிராக்டருங்க. எனக்கு ஏது மாடல்?"

அன்றைக்குக் காப்பியைச் சூடு ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இருந்தாலும் மானுக்கு நடந்த அநியாயம் வேற எதுக்கும் நடக்கலை" என்று ஆரம்பித்தார். நான் அடுப்படிக்குள் ஓடிவிட்டேன்.

மான் என்றால் வேறு எங்கேயும் போக வேண்டாம். எங்கள் ஊரிலேயே இருக்கிறது. திருமயத்திலிருந்து உள்ளே தள்ளிய ஊர் எங்களுடையது. நீளமான வீடுகள் தெருவுக்குத் தெரு பூட்டிக் கிடக்கும். ஆட்கள் எல்லாம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருப்பார்கள். என் வீட்டுக்காரர் வகையறாவில் ஏழு பங்காளிகள். பொது வீடு ஒன்று, அதற்கு எதிரே கார் கொட்டகை ஒன்று. அந்தக் கொட்டகையில்தான் மான். என் மாமனாருடைய அண்ணன் தூர தேசத்தில் கொண்டுவிற்று, அதாவது வியாபாரம் செய்து, சம்பாதித்த காலத்தில் வாங்கிக் கப்பலில் இறக்கிய அமெரிக்கக் கார். அதன் பெயர் ஒரு மான் வகையின் பெயராம். பின்பக்கம் இரண்டு இறக்கை விரிந்திருக்கும். மானுக்கு ஏன் இறக்கை என்று நான் கேட்டதற்கு இதுநாள் வரை பதில் இல்லை. பக்கவாட்டில் பக்கத்துக்கொன்றாகப் பளபளவென்று தாவுகிற மான் உருவம். ஊரில் யாரும் அதை மான் என்றோ கார் என்றோ சொல்வதில்லை, பிளசர் என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் சொந்தக் காருக்கு இந்தப் பக்கம் பிளசர் என்று பெயர். எங்கள் ஊரில் அது இன்னும் மாறவில்லை.

எங்கள் பங்காளிகளுக்குள் எதுவும் முறைப்படிதான் நடக்கும். குலதெய்வக் கோயில், பொது வீடு, முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்பு, எல்லாம் வருஷத்துக்கு ஒருவர் முறை. முறைக்காரர் அந்த வருஷம் சும்மா இருந்துவிட்டுப் போக முடியாது. ஏதாவது ஒரு திருப்பணி செய்தாக வேண்டும். ஒருவர் கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டுவார், அடுத்தவர் அதன்மேல் கிரானைட் போடுவார், அதற்கடுத்தவர் கம்பிக் கதவு வைப்பார். பொது வீட்டோடு பிளசரின் சாவியும் முறைக்காரர் கைக்கு மாறும். அங்கேதான் தப்பு நடந்தது. எந்தப் புண்ணியவான் ஆரம்பித்தாரோ, கோயிலுக்குச் செய்கிற மாதிரியே பிளசருக்கும் திருப்பணி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் திருப்பணி இன்ஜின். பெட்ரோல் குடிக்கிறது என்று சொல்லி, காரைக்குடிப் பங்காளியின் அப்பச்சி, அதாவது அவருடைய அப்பா, அதை இறக்கிவிட்டு, மதுரையில் யாரோ கழற்றிப் போட்ட டீசல் இன்ஜினை ஏற்றினார். அதற்குப் பிறகு பிளசர் வருகிறது என்றால் அரைவை மில் எழுந்து நடந்து வருகிற சத்தம். அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் திறந்த கார் வேண்டும் என்று கூரையை அறுத்தார்கள். ஊர்வலம் ஒரு மணி நேரம்தான் நடந்தது. கூரை போனது போனதுதான். பிறகு ஒரு மழை பிடித்ததும், அதற்கு ரெக்சினில் மாட்டுவண்டிக் கூண்டு மாதிரி ஒன்று தைத்து மாட்டினார்கள்.

இறக்கை விஷயத்தில் தப்பு என்மேலும் கொஞ்சம் உண்டு. ஒரு படைப்புக்குப் பட்டுச் சேலையோடு அந்தப் பக்கம் போனேன். இறக்கை நுனியில் முந்தானை மாட்டிக் கிழிந்தது. நான் போட்ட சத்தத்தில் அந்த வருஷத்து முறைக்காரர் பயந்துபோய், இரண்டு நுனியையும் அறுத்துப் பட்டி வைத்து மழுக்கிவிட்டார். இப்போது பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு தலையணை வைத்த மாதிரி இருக்கும்.

முன் சீட்டு நீளமான சோபா மாதிரி இருந்தது. சென்னைப் பங்காளி ஒருவர் "இது இங்க கிடந்து எலி கடிக்கணுமா?" என்று அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தன் ஹாலில் போட்டு, அதில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார். பதிலுக்கு, மூடிப்போன ஒரு சினிமாக் கொட்டகையிலிருந்து இரண்டு மடக்கு நாற்காலி வாங்கி மாட்டினார். எழுந்தால் டப்பென்று தானே மடங்கிக்கொள்ளும். உட்காரும்போது கையால் இறக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். பெயிண்ட்டோ, ஒருவர் வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சை. கோயம்புத்தூர்க் கொழுந்தனார் தம் முறையில் பஸ் ஹாரன் வைத்தார். அதை அமுக்கினால் தெருவில் ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் மட்டும் தம் முறை வரும்போதெல்லாம் ஒன்றும் செய்ய மாட்டார். துடைப்பார், எண்ணெய் விடுவார், மானைப் பளபளவென்று ஆக்குவார். "நான் கைவைக்க மாட்டேன். அமெரிக்காக்காரன் செஞ்ச தப்பையே நாமளும் செய்யணுமா? வருசத்துக்கு ஒண்ணை மாத்துனா எந்த வண்டி உருப்படும்?" என்பார். அந்த வகையறாவில் திருப்பணி செய்யாத ஒரே ஆள் என்று அவருக்குப் பெருமை. எனக்கும்கூட ஓரத்தில் பெருமைதான்.

ஆனால் ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். இருபது வருஷமாக நான் யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

அப்போது எங்கள் முறை முடிய இரண்டு நாள் இருந்தது. எங்கள் கல்யாண நாள். நான் காலையிலேயே தலைக்குக் குளித்து, புதுச் சேலை கட்டி, கந்தரப்பம் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். இந்த மனுஷன் கார் கொட்டகையில் குந்தி மானுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு வந்தார். "நேரமாச்சு, கடையைத் தொறக்கணும்" என்று புதுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். அங்கே அவருக்கு இரும்புச் சாமான் கடை. கந்தரப்பத்தைக் கண்ணாலும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! நேராகக் கொட்டகைக்குப் போனேன். "நீயா நானா" என்று மானைப் பார்த்துக் கேட்டேன். பக்கவாட்டு மான் உருவங்களில் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. தோசைக் கரண்டியை விட்டு நெம்பினேன், வந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அசிங்கமாக இருக்குமே என்று மற்றதையும் நெம்பினேன்.

என் நேரம், அப்போதுதான் தெருவில் பாத்திரக்காரர் கூவிக்கொண்டு போனார். இரண்டு மானையும், கிழிந்த அந்தப் பட்டுச் சேலையையும் போட்டு ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கினேன். என் பேரின் முதல் எழுத்தை மூடியில் வெட்டித் தரச் சொன்னேன். வெட்டித் தந்தார். ஆத்திரம் சாயங்காலமே ஆறிவிட்டது, ஆனால் பாத்திரக்காரர் அதற்குள் எந்த ஊருக்குப் போனாரோ.

அடுத்த வருஷத்து முறை கோயம்புத்தூர்க் கொழுந்தனாருக்கு. என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். கைகூப்பினபடியே பேசுகிற ஆள். மிச்சமிருந்த இரண்டு நாளும் கடை வேலையில் இவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை; சாவி அவர் கைக்குப் போன பிறகுதான் மான் உருவம் இல்லாதது இவர் கண்ணில் பட்டது. "அவன்தான் வித்திருக்கான்" என்று முடிவுகட்டிவிட்டார். வாய்விட்டுக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும். அந்தத் தம்பியோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் மொய் எழுதிய கையோடு சாப்பிடாமல் திரும்பிவிடுவார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம் சொல்லாததை மறு வருஷம் எப்படிச் சொல்வது? அப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது. அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

இந்த வருஷம் படைப்புக்கு ஒரு மாதம் முன்னால் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. பக்கத்து ஊரில் பெரிய வீடு ஒன்றை ஓட்டல் ஆக்கியிருக்கிறார்களாம். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற ஓட்டல். வாசலில் நிறுத்த நம் பிளசரைக் கேட்கிறார்களாம். "அண்ணே, சும்மா நிறுத்த இல்ல. பழையபடி ஒரிஜினலா ஆக்கி வைப்பாகளாம். அந்தப் பெட்ரோல் இன்ஜின், அந்தக் கூரை, அந்த இறக்கை, எல்லாம். ஏழு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் குடுக்க முடியும். படைப்பன்னிக்குப் பேசி முடிச்சுருவோம்."

போனை வைத்தவர் அன்று முழுக்க அதைத் தொடவில்லை. மறுநாள் காலையில் அமெரிக்காக்காரனைத் திட்டவும் இல்லை. எனக்குப் பயமாகப் போய்விட்டது. "என்னங்க, ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?" என்று கேட்டேன்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் ஆயுசு பூரா என்ன கேட்டேன்? அது பழையபடி ஆகணும்னுதானே கேட்டேன்? இப்ப ஒருத்தன் ஆக்கித் தாரேங்கிறான். ஆனா ஆனதுக்கப்பறம் நம்ம கொட்டகையில இருக்காது."

"அப்ப வேண்டாம்னு சொல்லுங்க."

"நம்மகிட்ட இருந்து என்ன கண்டுச்சு அது? தலையணையும் சினிமாச் சேரும். நான் கையெழுத்துப் போட்ருவேன். அதுக்காச்சும் நல்ல காலம் பொறக்கட்டும்."

சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மனுஷன் என் கல்யாண நாளை மறந்தவர், மகன் வேலைக்கென்று வெளியூர் போனபோது பஸ் ஸ்டாண்டில் கண் கலங்காதவர். ஒரு தகரத்துக்காக இப்படி உடைகிறாரே என்று எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. பிளசரை அந்தக் கொட்டகையைவிட்டு அனுப்பிவிட்டால் இவர் தேறமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அனுப்பக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

படைப்பன்று காலையில் முறைக்காரரிடம் சாவியை வாங்கிவந்து, "ஒரு தடவை திருமயம் வரைக்கும் ஓட்டிட்டு வந்துருவோமா?" என்று கேட்டார். சினிமா நாற்காலியை இறக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். புகையோடு புகையாகப் போய்ச் சேர்ந்தோம். கோட்டைக்கு எதிரே டீ குடித்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். திரும்பலாம் என்றால் பிளசர் கிளம்ப மாட்டேன் என்றது. வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கினார்.

"ஐயா, இந்த இன்ஜினுக்கு இன்னும் பத்து வருசம் ஒண்ணும் செய்யாது. ஒயர்தான் கழண்டிருக்கு" என்று ஒரு முறுக்கு முறுக்கினார். ஓடிவிட்டது. பிறகு வண்டியைச் சுற்றி வந்து, "ஆமா, இது என்ன மாடலுங்கய்யா?" என்று கேட்டார்.

அமெரிக்க மாடல் அத்தனையையும் தலைகீழாகச் சொல்கிற மனுஷன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விழித்தார். நான்தான் சொன்னேன். "ஏழு பங்காளி மாடல் தம்பி. ஒலகத்துலயே ஒண்ணுதான் இருக்கு." மெக்கானிக் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. ஆனால் ஊர் வரும்வரை எதையோ யோசித்துக்கொண்டே வந்தார்.

பொது வீட்டில் படைப்பு நல்லபடியாக முடிந்தது. முன்னோர்களுக்குச் சேலை வேட்டி வைத்து, பதினாறு வகையையும் இலையில் பரப்பிக் கும்பிட்டு, பந்தி எழுந்தது. எல்லோரும் முற்றத்தைச் சுற்றிய வளவில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். ஓட்டலிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கைத்தறிச் சேலை, கையில் அட்டை போட்ட கோப்பு. நல்ல பெண். கொழுந்தனார் பேப்பரை நீட்டியதும் முதல் ஆளாக என் வீட்டுக்காரர் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தர மறந்து கையிலேயே வைத்துக்கொண்டார். அடுத்த பங்காளி பேனாவுக்குக் கை நீட்டினார்.

அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து புத்தி வந்ததோ. "ஏம்மா, எதெதை எல்லாம் எடுத்துட்டுப் பழையபடி ஆக்குவீங்கன்னு கொஞ்சம் சத்தமா வாசிங்களேன். எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றேன்.

பாவம் அந்தப் பெண். அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தகப்பன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கோப்பைத் திறந்து உற்சாகமாக வாசித்தாள். "பொருத்தமில்லாத டீசல் இன்ஜின், அதை ஸ்கிராப்புக்குப் போட்ருவோம் சார்."

காரைக்குடிப் பங்காளி நிமிர்ந்தார். "ஸ்கிராப்பா? எங்க அப்பச்சி மதுரைக்கு ஏழு நடை நடந்து போட்ட இன்ஜினும்மா அது. காலையில திருமயம் போயிட்டு வந்துச்சே, பாக்கலையா?"

"அப்புறம், கூரைக்குப் பதிலா இருக்கிற அந்த ரெக்சின் கவர், ரொம்ப மோசம்..."

"என் கல்யாணத்துக்கு அறுத்த கூரைம்மா!" என்றார் இன்னொருவர். "அதுல உக்காந்துதான் நான் மாப்பிள்ளையா வந்தேன். மோசமாமுல்ல?"

நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஜன்னல் பெயிண்ட், பட்டி வைத்த இறக்கை. அடுத்தது நாற்காலி. அதற்குச் சென்னைப் பங்காளி, "சேரை எடுத்துக்கோங்க, ஆனா எங்க ஹால்ல கிடக்குற சோபாவைக் கேக்கக் கூடாது" என்றார். அதைத்தான் முதலில் கேட்போம் என்றாள் அவள். அவரும் பேனாவைத் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார். பஸ் ஹாரனைப் பற்றி வாசித்தபோது கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"கடைசியா, ரெண்டு பக்கமும் இருந்த மான் சிம்பல். அது இல்லைன்னா வண்டிக்கு அடையாளமே இல்ல. யார்கிட்டயாவது இருக்கா சார்?"

"அதை அவன்கிட்ட கேளுங்க" என்றார் என் வீட்டுக்காரர், கொழுந்தனாரைக் காட்டி.

கொழுந்தனார் முகம் சிவந்தது. "அண்ணே, என்ன சொல்றீக?"

"ஒன் முறையிலதானே காணாமப் போச்சு?"

"அதுக்குத்தான் இத்தனை வருசமா எங்க வீட்டுல கையை நனைக்காம இருந்தீகளாண்ணே? நான் ஏதோ தப்பாப் பேசிட்டேன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்." அவர் எழுந்துவிட்டார். "இந்தா, முன்னோருக்குப் படைச்ச சேலை இருக்கு. அதுமேல கையை வச்சுச் சத்தியம் பண்றேன்" என்று படைப்புப் பெட்டியை நோக்கி நடந்தார்.

எங்கள் வகையறாவில் படைப்புச் சேலைமேல் சத்தியம் செய்து நான் பார்த்ததில்லை. செய்தால் அதோடு உறவு முடிந்தது. ஒரு தப்பும் செய்யாத மனுஷன் என்னால் அங்கே போய்க் கைவைப்பதா? அடுப்படிக்கு ஓடினேன். படைப்புக்கு என் வீட்டிலிருந்து நெய் கொண்டுவந்த தூக்கு அங்கேதான் இருந்தது. அதை எடுத்துவந்து வளவு நடுவில் வைத்தேன்.

"தம்பி, நில்லுங்க. மான் இந்தாருக்கு."

யாருக்கும் புரியவில்லை. மூடியில் இருந்த என் எழுத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். கந்தரப்பத்தையும் சொன்னேன், தோசைக் கரண்டியையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. "தம்பி, என்னை மன்னிச்சுருங்க. ஒங்களைத் திருடனாக்கிட்டு நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையை ஒரேயடியாக மூடிய நாள்வரை தினமும் மத்தியானச் சாப்பாட்டை அதில்தான் கொண்டுபோனார். "அப்ப நான் தேடாத எடமில்ல, தெனமும் அதுக்குள்ளயே கையை விட்டுச் சாப்ட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். எனக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னார். பிறகு எழுந்து போய்த் தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நான் கேட்டிருக்கணும்டா. கேக்காம இருந்துட்டேன். தப்பு என் பேர்லதான்" என்றார். இரண்டு கிழங்களும் அழுதன. காரைக்குடிப் பங்காளிதான் முதலில் சிரித்தார். "அண்ணமிண்டியும் ஒரு திருப்பணி பண்ணிருக்காக, நமக்குத்தான் தெரியாமப் போச்சு!" அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வளவு முழுக்கச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. ஓட்டல் பெண்ணும் சிரித்தாள்.

கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பரை எடுத்தார். "மன்னிச்சுக்கோம்மா. ஹாரனைக் கழட்ட எனக்கு மனசு வரலை" என்று நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏழில் ஒரு கையெழுத்துதான் விழுந்திருந்தது. அதைப் போட்டவர், பிளசரைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஆயுசு முழுக்க இவர்களைத் திட்டியவர். அதைக் கெடுத்த அத்தனை பேரும் சேர்ந்துதான் அன்றைக்கு அதைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அன்று கோயம்புத்தூர்த் தம்பியின் பக்கத்து இலையில் உட்கார்ந்து இவர் இரண்டாம் தடவை சாப்பிட்டார்.

புது வருஷத்து முறை எங்களுடையது. முறை மாறுகிற நாள் திதிப்படி முன்னே பின்னே நகரும்; இந்தத் தடவை சாவி வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் தூக்கைத் தேடினேன், காணவில்லை. கார் கொட்டகையில் டங் டங் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் என் வீட்டுக்காரரும் மெக்கானிக்கும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கு இரண்டாகப் பிளந்து கிடந்தது. தகரம் வெட்டுகிற கத்தரியை வைத்து இவரே வெட்டியிருக்கிறார். இரண்டு மான். ஒன்றைப் பொருத்தியாகிவிட்டது.

கிட்டே போய்ப் பார்த்தேன். கால் குட்டை. வயிறு பெருத்து, கழுத்து எங்கே என்று தேட வேண்டியிருந்தது. கொம்பு என்று இரண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"திருப்பணி" என்றார். மகா கர்வம். "நம்ம முறையில்ல?"

அந்த நேரம் பார்த்துப் பூக்காரம்மா கூடையோடு கொட்டகை வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "என்ன ஆச்சி, பிளசருல ஆட்டை ஒட்டியிருக்கீங்க?"

"ஆடு இல்ல தாயி, மான். அமெரிக்க மாடல்" என்று இவர் உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

ஆட்டின் வயிற்றில் ஏதோ கீறல் மாதிரி தெரிந்தது. குனிந்து பார்த்தேன். தூக்கு மூடியின் நடுப்பகுதி அது. என் பேரின் முதல் எழுத்து. அதில் கத்தரி படாமல் சுற்றி வளைத்து வெட்டியிருக்கிறார். வயிறு பெருத்துப் போனதே அதனால்தான்.

"இன்னைக்கு என்ன நாளுன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? காலையிலயே இங்க வந்து உக்காந்திருக்கேன்?" என்றார். "கந்தரப்பம் சுட்டியா?"